ஆளில்லாத தனுஷ்கோடி: ஒரு கறுப்புக் கண்ணாடி செய்யும் வேலை

தனுஷ்கோடி என்று போனில் தேடிப் பாருங்கள். பால் கொட்டிவைத்தது போன்ற கடல், ஈ காக்கை இல்லாத மணல், நடுவே இடிந்த தேவாலயத்தின் ஒற்றைச் சுவர். பார்த்ததும் மனசு கனத்துப்போகும். 'பேய் நகரம்' என்று தலைப்பும் போட்டிருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி நேரில் போனால் காட்சி வேறு. அந்தச் சுவரைச் சுற்றி வேன்கள் வரிசைகட்டி நிற்கும். சங்கு மாலைக் கடை, பாசிமணிக் கடை, மீன் வறுக்கும் வாசனை, மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவும் அக்கா, செல்ஃபி எடுக்கும் புதுமணத் தம்பதிகள், 'டேய், தண்ணிகிட்ட போகாத' என்று பிள்ளைகளைத் துரத்தும் அப்பாக்கள். கடலும் பால் மாதிரி இருக்காது. தெற்குப் பக்கம் அலை ஓங்கி அடித்துக்கொண்டிருக்கும்.

படத்தில் இவ்வளவு பேரும் எங்கே போனார்கள்? கம்ப்யூட்டரில் அழித்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிலர் அப்படியும் செய்வதுண்டு. ஆனால், அழகான படங்களில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு வட்டக் கண்ணாடி. லென்ஸின் முன்னால் மாட்டுகிற, கிட்டத்தட்ட கறுப்பாகவே இருக்கிற என்.டி. ஃபில்டர். நியூட்ரல் டென்சிட்டி என்பதன் சுருக்கம். ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையில் இருக்கும் இந்த ஊரைப்போல அதன் சக்தியும் சங்கடமும் ஒருசேரத் தெரிகிற இடம் தமிழ்நாட்டில் குறைவு.

வெயிலில்தான் வேலை

முதலில் ஊரின் நிலவரம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது தனுஷ்கோடி. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கி வேனில்தான் போக வேண்டும். 2017-ல் அங்கிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. சாலை திறக்கப்பட்டது. இப்போது பேருந்தே முனை வரை போகிறது. கடைசியில் அசோகச் சின்னம் வைத்த தூண் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டினால் மணல், பிறகு கடல், சுமார் 30 கி.மீ. தள்ளி இலங்கையின் தலைமன்னார்.

பார்வையாளர்களுக்குப் பகலில்தான் அனுமதி. மாலை மயங்குவதற்குள் போலீஸார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வாகனங்களை விடும் நேரத்தை முந்தின நாளே ராமேஸ்வரத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. இருட்டோடு இருட்டாக வந்து முக்காலியை விரிப்பது என்பது வெளியூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால் வெளிச்சம் கொட்டும் நேரத்தில்தான் படம் எடுத்தாக வேண்டும். ஃபில்டரின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

கேமராவின் ஷட்டரை ஒரு ஜன்னல் கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். அது திறந்திருக்கும் நேரம் முழுக்க உள்ளே வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். நல்ல வெயிலில் எஃப் 11 துளை, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் ஒரு விநாடியில் 200-ல் ஒரு பங்கு நேரம் கதவு திறந்தாலே போதும். அந்த வேகத்தில் அலை அப்படியே உறைந்து நிற்கும். அலை வழிந்து, கரைந்து, பனிபோல் ஆக வேண்டுமென்றால் கதவைப் பல விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். ஆனால், பகலில் அப்படித் திறந்து வைத்தால் படம் வெள்ளைத் தாளாகிவிடும். ஜன்னலுக்குத் திரை போடுகிற மாதிரி, வெளிச்சத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டித் தருவதுதான் என்.டி. ஃபில்டர்.

கூலிங்கிளாஸ் மாதிரியா என்றால், ஏறக்குறைய. கூலிங்கிளாஸில் பச்சை, பழுப்பு என்று ஏதோ ஒரு சாயம் இருக்கும். என்.டி. கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்க வேண்டும். பெயரில் 'நியூட்ரல்' வந்தது இதனால்தான். நடைமுறையில் எல்லாக் கண்ணாடியும் அவ்வளவு நேர்மையாக இருப்பதில்லை. மலிவான சில அடர் ஃபில்டர்களில் படம் செம்பழுப்பாகவோ, ஊதா கலந்தோ வரும். காசு இல்லாத காலத்தில் வெல்டிங் பட்டறைக் கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு லென்ஸில் கட்டிப் படம் எடுத்த மாணவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் கடல், மணல், ஆகாயம் எல்லாம் பாசி பிடித்த பச்சையாக வரும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது!

ஃபில்டரின் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் படிப்பது எளிது. என்.டி. 8 என்றால் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே போகும். என்.டி. 64 என்றால் 64-ல் ஒரு பங்கு. என்.டி. 1000 என்றால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷட்டர் நேரத்தை அதே எண்ணால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. கேமராக்காரர்கள் இதையே 3 ஸ்டாப், 6 ஸ்டாப், 10 ஸ்டாப் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்குகிறது. ஓரத்தில் 0.9, 1.8, 3.0 என்று போட்டிருந்தால் அவையும் முறையே இதே மூன்றுதான்.

மேலே சொன்ன 200-ல் ஒரு பங்கு விநாடியை ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள், 5 விநாடி. உச்சி வெயிலில் தனுஷ்கோடிக் கடலை மென்மையாக்க இது போதும். அதுவே மேகமூட்டமான காலையில் ஃபில்டர் இல்லாமல் 15-ல் ஒரு பங்கு விநாடி காட்டினால், ஃபில்டரோடு ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். ஊர் காலியாவது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

ஆண் கடல், பெண் கடல்

சாலையின் இரு பக்கமும் கடல். வடக்கே வங்காள விரிகுடாப் பக்கம் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். உள்ளூரில் முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். (இந்தப் பெயர் வைத்தவர் யாரென்று பெண்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) வாடைக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழாகி, சாது என்று பேரெடுத்த வடக்குக் கடல் ஆட்டம் போடும்.

ஃபில்டரோடு வருபவர்கள் பலர் அமைதியான பக்கத்தில் போய் நிற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதால். ஆனால், ஏற்கெனவே சலனமில்லாத தண்ணீரை ஒரு நிமிடம் திறந்து வைத்து எடுத்தாலும் பெரிய வித்தியாசம் கிடைக்காது. அந்தக் கண்ணாடிக்குத் தீனி, அலைதான். சாலையைக் காக்க ஓரத்தில் கொட்டியிருக்கும் கற்களின் மேல் தெற்குக் கடல் மோதி, நுரைத்து, வழிந்து திரும்புகிற இடம் இருக்கிறதே, அங்கே நின்றால்தான் போட்ட காசுக்குப் பலன்.

அங்கேயும் நீண்ட நேரம் வைத்தால்தான் அழகு என்பது ஒரு மூடநம்பிக்கை. அரை விநாடியிலிருந்து 1 விநாடி வரை வைத்துப் பாருங்கள். கல்லிலிருந்து இறங்கும் நுரை வெள்ளை நூல்களாக நீளும். கடலின் கோபம் இன்னும் படத்தில் இருக்கும். 5 விநாடியில் அது பஞ்சாகிவிடும். 30 விநாடியைத் தாண்டினால் அலையே கிடையாது, தரையில் படிந்த மூடுபனிதான். 1964-ல் ஓர் ஊரையே விழுங்கிய கடலை மெத்தை மாதிரி காட்டுவதில் என்ன உண்மை இருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். இங்கே என்.டி. 64 வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் படங்கள், 1000 வைத்திருப்பவர்களுடையதைவிட ஒரு படி மேல்.

அந்த 1964-ஐச் சொல்லாமல் கடக்க முடியாது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபிறகு தனுஷ்கோடி ஒரு வாசல் நகரமானது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பல் பிடித்துத் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று ஒரு ஊருக்கு வேண்டிய எல்லாமும் இருந்தது. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் இழுத்துக்கொண்டது. ஊரும் போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி, இன்னும் சில கட்டடத் துண்டுகள் மட்டும் நின்றன. தேவாலயச் சுவரை நெருங்கிப் பார்த்தால் பவளப்பாறைக் கற்கள் தெரியும். கடலிலிருந்து எடுத்துக் கட்டியதில் கடல் விட்டுவைத்தது அவ்வளவுதான்.

ஆனால், ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கடலை நம்பிய மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இன்றும் அங்கே வாழ்கிறார்கள். மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்கள். இரு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நடுவே நல்ல தண்ணீர். பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கரைவலை இழுக்கிறார்கள். சாலை வந்தபிறகு கடை போட்டிருக்கிறார்கள். 'பேய் நகரம்' என்ற தலைப்பைப் படிக்கும்போது இவர்களுக்கு எப்படி இருக்கும்?

'கடை இருக்கு, நாங்க எங்க?'

முக்காலியை ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் இளைஞர்களைக் கடைக்காரப் பெண்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். "என்ன தம்பி, வந்ததிலேருந்து நிக்கிறீங்க, இன்னுமா ஒரு படம் எடுக்கலை?" என்பதில் தொடங்கும் பேச்சு. "ஒரு நிமிஷப் படம்க்கா" என்றால் சிரிப்பார்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டினால் அடுத்த கேள்வி வரும். "கடை இருக்கு, நாங்க எங்க?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கண்ணாடியின் குணத்தில் இருக்கிறது. கதவு 60 விநாடி திறந்திருக்கிறது. நடந்துபோகும் ஒருவர் படத்தின் ஒரு புள்ளியை மறைத்துக்கொண்டிருப்பது ஒரு விநாடிதான். மீதி 59 விநாடியும் அந்த இடத்தில் பதிவது பின்னால் உள்ள மணலும் சுவரும். 60-ல் ஒரு பங்கு நிழலைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆள் காணாமல் போய்விடுகிறார். அதே ஆள் 15 விநாடி நின்று போன் பேசினால் கால்பங்கு பதிவார், ஆவி மாதிரி. அறுபது விநாடியும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் முழுதாக இருப்பார்.

ஆக, நிறத்தில் நடுநிலையாக இருக்கும் இந்தக் கண்ணாடி, அசைவு விஷயத்தில் நடுநிலை கிடையாது. நிற்பதை வைத்துக்கொள்ளும், நடப்பதை அழித்துவிடும். தனுஷ்கோடியில் நிற்பது இடிபாடு. நடப்பது மனிதர்கள். எனவே, படத்தில் மிஞ்சுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இது ஃபோட்டோகிராஃபி பிறந்த காலத்துச் சங்கதி. 1838 வாக்கில் பாரிஸ் நகரத்தின் புல்வார் து தாம்ப்ள் என்ற பெருந்தெருவை, லூயி தகேர் தன் ஜன்னலிலிருந்து படமெடுத்தார். வண்டியும் கூட்டமும் நெரிகிற தெரு அது. அன்றைய தகட்டில் ஒரு காட்சி பதியப் பல நிமிடங்கள் ஆகும். அதனால் ஃபில்டர் எதுவும் இல்லாமலேயே தெரு காலியாகிவிட்டது. ஓரத்தில் ஒரே ஒருவர் மட்டும் தெரிகிறார். காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றவர். அவர் நின்றார், அதனால் பதிந்தார். படமெடுக்கப்பட்ட முதல் மனிதர் என்று உலகம் இன்றுவரை அவரைத்தான் காட்டுகிறது. பெயர்கூடத் தெரியாது.

அந்த ஷூக்காரரை மனதில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடிக்கு வந்தால், இதே கண்ணாடியைத் திருப்பிப் போட்டு வேலை வாங்கலாம்.

குடிசை வாசலில் உட்கார்ந்து வலை பின்னும் பெரியவரிடம் போய், எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்டு, "அரை நிமிஷம் அசையாம இருங்கய்யா" என்று கேளுங்கள். அவர் முகம் அசையாது. பழக்கத்தில் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 30 விநாடி எக்ஸ்போஷரில் அவருக்குப் பின்னால் போகும் வேன், கூட்டம் எல்லாம் கரைந்துவிடும். கை லேசாகக் கலங்கி, முகம் தெளிவாக, அவர் மட்டும் இருப்பார். வந்துபோகிறவர்களை அழித்துவிட்டு, வாழ்கிறவரை வைத்துக்கொண்ட படம். சங்குக் கடை அக்காவும் அப்படித்தான். நாற்காலியில் அமர்ந்து, பின்னால் சாய்ந்துகொண்டால் அரை நிமிடம் தாங்குவது சிரமமில்லை. முதுகுக்கு ஒரு சாய்மானம் இருந்தால் இன்னும் நல்லது. தகேர் காலத்துக்குப் பின் வந்த ஸ்டூடியோக்களில் தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

வெயில் ஏறிவிட்டால் 30 விநாடி கிடைப்பது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். 1000 எண் ஃபில்டரோடு என்.டி. 8 ஒன்றையும் சேர்த்து மாட்டினால் 5 விநாடி, 40 விநாடியாகும். இரண்டு கண்ணாடி சேரும்போது அகல லென்ஸில் நான்கு மூலைகளும் கறுக்கும், கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

கரைவலை இழுப்பைப் பார்த்தால் வேறு கணக்கு போட வேண்டும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, கயிற்றை இடுப்போடு அணைத்து, பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். இதை 1 நிமிடம் திறந்து வைத்தால் ஆளில்லாத கடற்கரையில் ஒரு கயிறு மட்டும் தானாகத் தொங்கும்! ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் எடுத்தால் சிலைகள் மாதிரி இருக்கும், இழுப்பு தெரியாது. 8-ல் ஒரு பங்கு விநாடியிலிருந்து கால் விநாடிக்குள் வைத்தால் ஊன்றிய கால்கள் தெளிவாகவும், கைகளும் தோள்களும் லேசாக இழுபட்டும் வரும். உடம்பின் பாரம் தெரியும். வெயிலில் அந்த வேகம் கிடைக்க என்.டி. 32 அல்லது 64 போதும். பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும். இழுப்பின் நடுவே குறுக்கே போய் நிற்காதீர்கள். அவர்களுக்கு அது ஒரு நாள் வருமானம்.

காற்று, மணல், உப்பு

இனி கொஞ்சம் கைவேலை. 1000 எண் ஃபில்டரை மாட்டிவிட்டால் வியூஃபைண்டரில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது, பல கேமராக்கள் ஃபோகஸும் செய்யாது. அதனால் முதலில் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து ஷட்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கண்ணாடியைத் திருகி மாட்ட வேண்டும். திருகும்போது லென்ஸின் ஃபோகஸ் வளையம் நகர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் வெயிலில் சிக்கிக்கொண்டு வெளியே வராது. 30 விநாடிக்கு மேல் போக கேமராவை பல்ப் மோடில் வைத்து, கேபிளோ ரிமோட்டோ கொண்டு இயக்க வேண்டும். கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவாக இருந்தால் பின்பக்க வியூஃபைண்டர் ஓட்டையை மூடிவிடுங்கள், அந்த வழியாகவும் வெளிச்சம் நுழைந்து படத்தில் பட்டையாகப் பதியும்.

தனுஷ்கோடியில் காற்று ஓய்வதே இல்லை. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகல விரித்து, மணலுக்குள் நன்றாக அழுத்தி ஊன்ற வேண்டும். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், அது படபடவென்று அடிப்பதிலேயே படம் கலங்கிவிடும். அலை வந்து திரும்பும் இடத்தில் நின்றால், ஒவ்வொரு அலையும் முக்காலிக் காலடியில் மணலை அரித்துக்கொண்டே போகும். 40-வது விநாடியில் முக்காலி ஒரு நூல் இறங்கினால் மொத்தமும் வீண். காலையே கடல் வாரும் என்பதும் இருக்கிறது. அரிச்சல்முனையில் நீரோட்டம் மோசமானது. அங்கே குளிக்கவோ இறங்கவோ கூடாது, படத்துக்காகவும்தான்.

உப்புப் புகை பத்து நிமிடத்தில் ஃபில்டரில் படிந்துவிடும். அவசரத்தில் சட்டைத் தலைப்பால் துடைத்தால் அதில் இருக்கும் மணல் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுகுழாயால் மணலை ஊதிவிட்டு, பிறகு மெல்லிய துணியில் நல்ல தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும்.

வாங்கும்போது வளையத்தைத் திருப்பித் திருப்பி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் ஃபில்டர் கண்ணைக் கவரும். ஒரே கண்ணாடியில் எல்லாம் கிடைக்கிறதே என்று. உள்ளே இரண்டு போலரைசர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. அளவை எல்லைக்குத் தள்ளினால், அகல லென்ஸில் ஆகாயத்தின் குறுக்கே பெரிய பெருக்கல் குறி ஒன்று விழும். விரிந்த வானம்தான் தனுஷ்கோடியின் பாதி அழகு என்பதால் இங்கே அது தலைவலி. வீடியோ எடுப்பவர்களுக்கு மட்டும் இது பிரமாதமான பொருள். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டரை 50-ல் ஒரு பங்கில் நிறுத்தினால்தான் அசைவு இயல்பாக இருக்கும். வெயிலில் அதற்கு ஃபில்டர் இல்லாமல் முடியாது. மேகம் வந்து போகும்போதெல்லாம் வளையத்தைத் திருப்பினால் போதும்.

மேல்பாதி மட்டும் கறுப்பாக இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் இன்னொரு வகை. வானம் மட்டும் வெளிறிப் போகிற இடங்களுக்கு. அரிச்சல்முனையில் அடிவானம் ஸ்கேல் வைத்த கோடு போல இருப்பதால் அது கச்சிதமாகப் பொருந்தும். தேவாலயத்துக்கு முன்னால் மாட்டினால் சுவரின் மேல்பாதியும் சேர்ந்து இருண்டுவிடும்.

போன் மட்டும் வைத்திருப்பவர்கள் ஏமாற வேண்டாம். போன் லென்ஸின் மேல் கவ்விக்கொள்ளும் குட்டி என்.டி. ஃபில்டர்கள் கிடைக்கின்றன. ப்ரோ மோடில் ஷட்டர் நேரத்தைக் கூட்ட முடிகிற போனாக இருந்தால் அதே கணக்குதான். பல போன்களில் லாங் எக்ஸ்போஷர் என்றே ஒரு வசதி இருக்கிறது. நிறையக் குட்டிப் படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கலந்து, கண்ணாடி இல்லாமலேயே கண்ணாடியின் பலனைத் தருகிறது. சில கேமராக்களிலும் இப்போது லைவ் என்.டி. என்ற பெயரில் இது வந்துவிட்டது. போனை எதன்மேலாவது அசையாமல் சாத்திவைப்பதுதான் முக்கியம். தண்ணீர் பாட்டிலும் இரண்டு செருப்பும் போதும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கறுப்பாக இருக்கிறதே என்று இந்தக் கண்ணாடி வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கக் கூடாது. என்.டி. 1000 கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைக்கிறதே தவிர, அகச்சிவப்புக் கதிரை அந்த அளவுக்குத் தடுக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தாலும் அதே ஆபத்து.

பறவை ஆர்வலர்களுக்கு ஃபில்டர் பையிலேயே இருக்கட்டும். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் சீசனில் பூநாரைகள் எனப்படும் ஃபிளமிங்கோக்கள் இறங்கும். தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு 2025-ல் அறிவித்திருக்கிறது. தூரத்திலேயே நின்று, வேகமான ஷட்டரில் எடுப்பதுதான் முறை. 1964 புயலில் தப்பிய அந்தக் கோயில், தனியாக ஒரு படத்துக்குத் தகுதியானது.

படமெடுக்க ஒத்துழைத்த பெரியவருக்கும் அக்காவுக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். ராமேஸ்வரத்தில் பிரிண்ட் போட்டு, மறுநாள் போகும் பேருந்திலோ ஆட்டோவிலோ கொடுத்தனுப்பினால் போய்ச் சேர்ந்துவிடும். சாலை ஒன்றுதான், கடைக்காரர்களை எல்லா டிரைவர்களுக்கும் தெரியும்.

அறைக்குத் திரும்பியதும் படம் பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். முக்காலியின் கால்களை முழுசாக நீட்டி, நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாகக் காயவைத்து விடுங்கள். தனுஷ்கோடி மணல் ஒருமுறை திருகுக்குள் போய்விட்டால், அடுத்த ஊரில் அந்தக் கால் மடங்கவே மடங்காது.